செம்பைத் தின்னும் காற்று

நான் வடிவமைக்கும் கணினிகளில் விசிறி கிடையாது. சர்க்கரை ஆலையிலும் சுரங்கத்திலும் ரசாயனத் தொழிற்சாலையிலும் விசிறி வைத்த கணினி அதிக நாள் தாங்காது. விசிறி தூசியை உள்ளே இழுக்கும், தூசி சேர்ந்து ஒருநாள் அதுவே நின்றுபோகும், பிறகு சூட்டில் எல்லாம் போய்விடும். அதனால் நாங்கள் கனமான அலுமினியத்தில் ஒரு பெட்டி செய்து, அதன் மேற்புறம் முழுக்கச் சீப்பின் பற்களைப் போலத் தகடுகள் வைப்போம். சிப்பில் பிறக்கும் சூடு ஒரு செம்புக் கட்டை வழியாகப் பெட்டிக்கு ஏறி, அந்தப் பற்கள் வழியாக வெளியே போகும். அசைகிற பாகம் ஒன்றுகூட இருக்காது. சத்தமே வராது. முதன்முதலில் பார்க்கிறவர்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுதா?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் அலுவலகம் கடலூரில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முதலாளியையும் சேர்த்து விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். எனக்கு வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வழியில் தொழிற்சாலைகள் தொடங்கும் இடம் நெருங்கும்போது, யாரும் சொல்லாமலே எல்லோரும் ஜன்னலை இறக்கி மூடுவார்கள். கண்டக்டர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோவார். அதைத் தாண்டியதும் ஜன்னல்கள் மேலே போகும், விட்ட பேச்சு தொடரும்.

ஜன்னலை இறக்கும் அந்த இடத்தில்தான் என் அக்கா வாழ்கிறாள்.

அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, அங்கே ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு அவருடைய மீன் குழம்பு இல்லாமல் முடியாது. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே பெண், அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு. அவள் பள்ளிக்கூடப் பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். மாமாவின் அம்மாவுக்கும் இளைப்பு இருந்ததாம். அதனால் இது அந்த வழியில் வந்தது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். நானும்தான்.

அந்தக் கம்பெனிக்குத்தான் எங்கள் கணினிகளைக் கொடுத்தோம். பம்புகளும் வால்வுகளும் எப்படி ஓடுகின்றன என்று கவனித்துச் சொல்வது அவற்றின் வேலை. மாட்டிவிட்டு வந்த பிறகு சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடின. பிறகு ஒன்று நின்றது. அடுத்து இன்னொன்று. கம்பெனியில் கருவிகளைக் கவனிக்கும் என்ஜினியர் நெல்லிக்குப்பத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். போனில் அவர், "மேடம், உங்க பொட்டி சூடாவே இல்ல, ஆனா செத்துப் போச்சு" என்றார்.

திருப்பிக் கொண்டுவந்து திறந்து பார்த்தேன். தூசி இல்லை, ஈரம் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எள்ளில் பாதிகூட இருக்காத ரெசிஸ்டர்களின் ஓரத்தில் வெள்ளி கறுத்து, உதிர்ந்து போயிருந்தது. போர்டின் செம்புக் கோடுகளிலிருந்து கரும்பூஞ்சை மாதிரி ஒன்று கிளம்பிப் பக்கத்துக் கோட்டைத் தொட்டிருந்தது. கந்தக வாயுவின் வேலை. விசிறி இல்லாவிட்டாலும், கேபிள் நுழைகிற இடங்களில் நாங்கள் விட்டிருந்த இடுக்குகள் அதற்குப் போதுமாயிருந்தன.

ஓர் இடத்தில் காற்று எவ்வளவு கெட்டது என்று அறிய எங்கள் தொழிலில் எளிமையான ஒரு வழி உண்டு. நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய செம்புத் தகட்டை அந்த இடத்தில் ஒரு மாதம் தொங்கவிட வேண்டும். பிறகு அது எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் ஒன்றும், வெளியே பம்புக்குப் பக்கத்தில் ஒன்றும் தொங்கவிட்டேன். மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். என் பையைத் துழாவிய அக்கா மகள், மீதியிருந்த தகட்டை எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்தாள்.

"சித்தி, தோடு மாரி பளபளன்னு இருக்கு. நான் வச்சிக்கட்டா?"

"தோடெல்லாம் இல்ல. அத ஜன்னல்ல கட்டித் தொங்கவிடு. என்னா ஆவுதுன்னு பாப்போம்" என்றேன். அவள் படிக்கிற மேசைக்கு மேலே இருந்த ஜன்னல் கம்பியில் நூலால் கட்டினாள். ஒரு விளையாட்டாகத்தான் சொன்னேன். அங்கே எதையும் அளக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தகடுகளை எடுக்கப் போனேன். பம்புக்குப் பக்கத்தில் இருந்தது கரியாய்க் கிடந்தது, எதிர்பார்த்ததுதான். கண்ட்ரோல் ரூமில் ஏசியும் காற்றை வடிகட்டும் கருவியும் இருப்பதால், அங்கே இருந்தது லேசாய் மங்கியிருந்ததோடு சரி. இரண்டையும் உறையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் ஓடிவந்து, "சித்தி, உன் தோடு கெட்டுப்போச்சு" என்று நூலோடு நீட்டினாள்.

கறுப்பாக இருந்தது. வெயிலில் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் நீலமும் ஊதாவும் ஓடியது. பையிலிருந்த உறையைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். கம்பெனியின் கண்ட்ரோல் ரூமைவிட என் அக்கா மகளின் மேசைக்கு மேலே காற்று பல மடங்கு மோசம்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுல இன்னாடி ஆச்சரியம்? என் கொலுசு கூடத்தான் இப்டி ஆவுது. பல்பொடி போட்டுத் தேச்சா போயிடும்" என்றாள்.

அந்தத் தகட்டை நூலோடு ஓர் உறையில் போட்டு, மேலே தேதி எழுதினேன்.

ஒரு தகட்டை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். சமையல் புகையாக இருக்கலாம், சாக்கடையாக இருக்கலாம், உப்புக் காற்றாக இருக்கலாம். அதனால் மறுபடியும் செய்தேன். அக்கா வீட்டில் அடுப்படிக்குத் தள்ளி ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று, சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் இருக்கும் என் வீட்டில் ஒன்று. என் வீட்டுத் தகடு பழைய காசு நிறத்துக்கு வந்தது, அவ்வளவுதான். அக்கா வீட்டில் இரண்டும் கறுத்தன.

அதே சமயத்தில் அலுவலகத்தில் புதுப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை காற்று நுழைய வழியே இல்லை. மூடிக்கு ரப்பர் வளையம், கேபிள்களுக்கு இறுக்கிப் பிடிக்கும் கழுத்து, போர்டு முழுக்கக் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இப்படி அடைத்தால் சூடு உள்ளே தேங்கும் என்பதால் பற்களை உயரமாக்கினேன், செம்புக் கட்டையைப் பருமனாக்கினேன். சூட்டு அறையில் வைத்துச் சித்திரை வெயிலைவிட அதிகமாய்க் காய்ச்சி, நாள்கணக்கில் ஓடவிட்டேன். நிற்கவே இல்லை. என் வேலையில் நான் பெருமைப்பட்ட பெட்டி அது. ஆனால் போர்டுக்குப் பூச்சு அடித்துக் காயவைக்கும்போதெல்லாம் அக்கா மகள் நோட்டுப் புத்தகத்தின்மீது குனிந்து எழுதுவது கண்ணுக்குள் வந்தது.

புதுப் பெட்டிகளை மாட்டப் போன அன்று, அந்த என்ஜினியரிடம் அக்கா வீட்டுத் தகடுகளைக் காட்டினேன். எந்த வீடு என்று சொன்னேன். அங்கே தினமும் சாப்பிடுகிறவர் அவர். ஒவ்வொன்றாய்க் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்களதுதான்னு எப்டி மேடம் சொல்ல முடியும்? பக்கத்துல எத்தன கம்பெனி இருக்கு" என்றார்.

"உங்களதுன்னு நான் சொல்லல சார். அந்த வீட்டுல இருக்குன்னு சொல்றேன்."

"புரியுது. நான் மேல பேசிப் பாக்கறேன்" என்றார். பேசினாரா, என்ன பதில் வந்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

கம்பெனியிலிருந்து விஷயம் எட்டியிருக்க வேண்டும், எங்கள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல, என் பிரசவத்தின்போது நான் கேட்காமலே வேலையை வீட்டிலிருந்து பார்க்கச் சொன்னவர். "நம்ம வேலை மெஷின் நிக்காம ஓடறது. அதோட நிறுத்திக்கோம்மா" என்றார்.

அக்காவும் நானும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஆட்கள் வந்தார்கள். கருவியை மாடியில் வைத்து முறையாகத்தான் அளந்தார்கள். ஆனால் அது மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் மாதம். நாற்றம் முழுக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா வீட்டில் அன்றைக்குச் சிதம்பரத்தில் வீசுவது போலச் சுத்தமான காற்றுதான் வீசியது. மதியம் திரும்பும் கடற்காற்றில்தான் அந்த வீடு மூழ்கும் என்று நான் விளக்கினேன். குறித்துக்கொண்டார்கள். ஒருநாள் அளந்தால் போதாது, எப்போதும் காற்றை அளந்துகொண்டே இருக்கும் மெஷின் ஒன்றை இங்கே வைக்க வேண்டும் என்று அன்று மாமாவிடமும் சொன்னேன்.

இந்த விஷயத்தில் மாமா எங்கள் பக்கம் வரவில்லை. நான் தகட்டை எடுத்தாலே அவர் எழுந்து கடைக்குள் போய்விடுவார். ஒருநாள் அவரை விடாமல், "மாமா, வீட்டை மட்டுமாவது மாத்துங்க. குறிஞ்சிப்பாடி பக்கம் பாருங்க. கடை இங்கியே இருக்கட்டும்" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். "காலைல நாலு மணிக்கு அடுப்பு பத்தவைக்கணும். உங்க அக்கா இல்லாம நான் எப்டி கடை நடத்துவேன்? இந்தக் கடையிலதான் நான் ஆளானேன். நீ கம்ப்யூட்டருக்கு இடுக்கு இல்லாம பொட்டி செஞ்சிட்டே. புள்ளைக்கு எப்டிம்மா செய்வே? சொல்லு."

கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவர் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் அக்கா மகளை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. இரண்டாவது முறை நான் பக்கத்தில் இருந்தேன். அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்திருந்தார்கள். மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே அக்கா, "நீ கூட்டிட்டுப் போடி" என்றாள். "யாரை?" என்றேன், தெரிந்தே. "இவளத்தான். உன் வீட்ல செம்பு கருக்கலல்ல? அங்க இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. என் மகனுடைய அறையில் இன்னொரு கட்டில் போட்டோம். அவளைச் சிதம்பரத்தில் பள்ளியில் சேர்த்தோம். முதல் சில வாரங்கள் அவள் எங்களோடு பேசவே இல்லை. கூப்பிட்டால் வருவாள், போட்டதைச் சாப்பிடுவாள். "அம்மா ஏன் என்ன அனுப்பிட்டாங்க? என்னால கடை வேலை கெடுதுன்னா?" என்று ஒருநாள் என் மகனிடம் கேட்டிருக்கிறாள். அவன் வந்து என்னிடம் சொன்னான். நான் காற்றைப் பற்றி, தகட்டைப் பற்றி எல்லாம் அவளுக்கு விளக்கினேன். தலையாட்டினாள். காரணம் தெரிந்ததால் வீட்டு ஏக்கம் குறைந்துவிடவில்லை.

ஆனால் மூச்சு சரியானது. இன்ஹேலர் பையில் இருந்தது, எடுக்க வேண்டிய நாட்கள் குறைந்தன. பள்ளியில் எறிபந்து விளையாடப் பேர் கொடுத்தாள். இதைப் போனில் சொன்னபோது அக்கா, "அப்டியா, அப்டியா" என்று மட்டும் சொன்னாள். சந்தோஷப்படுகிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு அக்கா மகள் ஊருக்குப் போனாள். நான்கு நாள் இருப்பதாகப் பேச்சு. மாட்டுப் பொங்கலன்று மதியமே மாமா அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டார். வழியெல்லாம் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு லீவுக்கு ஊருக்குப் போகட்டுமா என்று அவளாகக் கேட்பதில்லை. அக்காதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மாமாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறாள். மகளுக்குத் தலை வாரிவிடுகிறாள். சாயங்காலம் கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்து, "சரிம்மா" என்கிறாள். பெரிய மனுஷி மாதிரி. தெருமுனை திரும்பும்வரை அக்காவும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று மாட்டுப் பொங்கலுக்கு மகளைக் கொண்டுவந்து விட்ட மாமா, காபி குடித்துவிட்டு உடனே கிளம்பவில்லை. வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"நீ ஒரு மெஷின் சொன்னியே, காத்த எப்பவும் பாத்துக்கினே இருக்கும்னு. அத கொண்டாந்து வை."

"கடையிலயா மாமா?"

"கடைக்குப் பின்னால, தண்ணித் தொட்டி மேல. கம்பெனிக்காரங்க சாப்பிட வருவாங்க, யாருக்கும் தெரிய வேணாம். யாராவது கேட்டா தொட்டில தண்ணி ரொம்புதான்னு பாக்கற பொட்டின்னு சொல்லிக்கறேன்."

அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருந்த பெட்டி ஒன்று சும்மா இருந்தது. முதலாளியிடம் கேட்டேன், எதற்கு என்பதையும் சொன்னேன். "நம்ம கம்பெனி ஸ்டிக்கரை எடுத்துட்டு வை" என்றார். வாயுவை உணரும் கருவி ஒன்றை வாங்கி அதோடு இணைத்தேன். மாமாவே ஏணி பிடித்தார். பெட்டியை மாட்டி முடித்ததும் மற்றவர்களைப் போலவே அவரும் அதன்மேல் கையை வைத்து, "ஓடுதா?" என்று கேட்டார்.

ஓடுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் நிற்காமல் இதுவரை ஓடுகிறது. அது அளப்பதெல்லாம் என் போனுக்கு வருகிறது. எந்தக் காற்றில் ஏறுகிறது, எந்த நேரத்தில் இறங்குகிறது என்று நாள்தோறும் சேர்கிறது. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, காட்டினால் மாமாவின் கடை என்ன ஆகும் என்று நாங்கள் மூவரும் பேச உட்காருவோம். ஒவ்வொரு முறையும் பேச்சு பாதியில் நின்றுவிடும். மேல்காற்று மாதம் மறுபடியும் வருவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று அக்கா சொல்கிறாள். மாமா வேண்டாம் என்று சொல்வதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்.

போன வாரம் ஒரு மதியம் அளவு மளமளவென்று ஏறியது. அக்காவுக்குப் போன் செய்து, "ஜன்னலைச் சாத்து, ஜாஸ்தியா ஆவுது" என்றேன்.

"எப்பவோ சாத்திட்டேன்டி. நாத்தம் அடிச்சா எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவ சாப்டாளா?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இருப்பாள், சாப்பிட்டிருப்பாள் என்றேன்.