பட்டு இழை சிக்காத கடிகாரம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். உண்மைதான். என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, நெஞ்சில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆக வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர மூன்று வாரம் தருகிறேன், அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இருதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துத்தான் தைப்போம், முடிந்ததும் திரும்ப ஓட வைத்துவிடுவோம், எங்களுக்கு இது தினப்படி வேலை என்றார். நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அம்மா 'நிறுத்தி' என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நான் ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஆட்டோக்காரர்கள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் எனக்குக் கைக்கடிகாரப் பைத்தியம் பிடித்தது.

வேறு எதற்காவது பிடித்திருக்கலாம். எங்கள் தெருவில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் திருப்பதிக்கு நடப்பார். என்னால் அவ்வளவு பொறுமையாக நடக்க முடியாது. போனைத் திறந்தால் எவனோ ஒருவன் கடிகாரத்தைக் கழற்றி உள்ளே சின்னச் சக்கரங்கள் சுற்றுவதைக் காட்டினான். இதற்குப் பேட்டரி கிடையாது, கை அசைகிற அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் என்றான். தூக்கத்தில்கூடப் புரண்டுகொண்டே இருக்கிற எனக்கு, இது நமக்கென்றே செய்தது என்று பட்டது. அன்றைக்குப் பிடித்தது. சாப்பிடும்போது, பஸ்ஸில், நைனாவுக்கு ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கும்போது என்று எந்நேரமும் அதுதான். ஒன்று பிடித்துப்போய் முடிவு செய்வேன். பத்து நிமிஷத்தில் அது வேண்டாம் என்று ஆகிவிடும்.

ஒரு கடிகாரம் முந்நூறு மீட்டர் ஆழத்தில் ஓடுமாம். பாலாற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிற ஊர் எங்களுடையது. இன்னொன்று விமானிகளுக்கானது. இன்னொன்றில் பிறை நிலா வளர்ந்து தேயும். அமாவாசையை ஞாபகப்படுத்த வீட்டில் அம்மா இருக்கிறாள், அதற்குத் தனியாக நான் ஏன் செலவழிக்க வேண்டும்? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நல்ல உசத்தியான கடிகாரமாக இருக்க வேண்டும், அதைத் தினமும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நான் பட்டுச் சேலைக் கடையில் சேலை பார்த்து வாங்குகிறவள். பிள்ளையார்பாளையத்துத் தறிகளிலிருந்து வருகிற ஒவ்வொரு சேலையையும் மேஜையில் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே ஜரிகை தூக்கியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த மேஜைக்கு வருகிறவர்கள் கையில் மோதிரம், வளையல், கடிகாரம், நீண்ட நகம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு இழை மாட்டி இழுத்தால் போதும், மாசக்கணக்கில் உட்கார்ந்து நெய்தவரின் உழைப்பு பாழ். இருபது வருஷமாக என் மணிக்கட்டு மொட்டையாகத்தான் இருக்கிறது. நேரம் தெரிய வேண்டுமென்றால் வருகிற போகிறவர்களை எல்லாம் கேட்பேன். "இன்னாக்கா, உனக்கு நேரம் சொல்லவே நான் வரணுமா?" என்று நெசவாளர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

முதலாளியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இழை சிக்காத வாட்ச்சுனு ஒன்னு இருந்தா தாராளமா கட்டிக்கோம்மா" என்றார். கிடைக்காது என்ற தைரியத்தில் சொன்னது அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நைனாவின் அட்மிஷனுக்கு நான்கு நாள் இருக்கையில், சென்னைக்குப் போனேன். கைப்பையில் ஒரு கொத்து முறுக்காத பட்டு இழை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் தறியில் ஊடு இழை ஓட்டுகிற நாடா வாங்கினாலும் சரி, மேஜைக்குப் புதுப் பலகை போட்டாலும் சரி, முதலில் ஒற்றை இழையை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சிராய்கூட இழையிடம் மாட்டிக்கொள்ளும். அதையே கடிகாரக் கடையில் செய்தால் என்ன?

ஏசி குளிரில் கோட்டுப் போட்ட தம்பி ஒருவர் வெல்வெட் தட்டில் கடிகாரங்களை எடுத்து வைத்தார். நான் இழையை எடுத்தேன். முதல் கடிகாரத்தில் கண்ணாடியைச் சுற்றி இருந்த பல் விளிம்பு இழையை உடனே பிடித்துக்கொண்டது. இரண்டாவதன் ஸ்டீல் பட்டையில் கண்ணிக்குக் கண்ணி மாட்டியது. மூன்றாவதில் சாவி திருகும் குமிழ் இழுத்து அறுத்தது. தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே இருந்த மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், தண்ணிக்குள்ள போட்டுக் காட்டச் சொன்னவங்க இருக்காங்க. நூல் விட்டுப் பார்த்தவங்க யாரும் இல்ல" என்றார் தம்பி.

"பட்டுங்க. நூல் இல்ல" என்றேன்.

தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. நான் இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். கடைசியில் தம்பியே உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். வெள்ளை முகம், மெல்லிய எண்கள், கூழாங்கல்போல வழுவழுப்பான விளிம்பு, தோல் பட்டை. இழையை மேலே ஓட்டினேன், பக்கத்தில் ஓட்டினேன், கொக்கியைச் சுற்றி ஓட்டினேன். எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிகாரத்துக்காக அழுகிறேனா, வேறு எதற்காகவோ அழுகிறேனா என்று அப்போது யோசிக்கவில்லை. பில் போடும்போது தம்பி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கட்டாமல் வைத்துவிட்டால் மூன்று நாளில் நின்றுவிடும், பயப்பட வேண்டாம், எடுத்து அசைத்தால் திரும்ப ஓடும் என்றார். கட்டாமல் ஏன் வைக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாடி இது? அந்தக் காசுக்கு ரெண்டு வளையல் எடுத்திருந்தா அவசரத்துக்கு அடகு வெக்கவாவது ஆவும்."

"தினமும் கட்டிக்கப் போறேம்மா."

"தினமுமா? இதையா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் உசத்தியான பொருளுக்கு ஒரே இடம் பீரோ. நான் பார்த்துப் பார்த்து எடுக்கிற சேலைகளே முகூர்த்தத்துக்கு ஒரு முறை வெளிச்சம் பார்த்துவிட்டு, ஆயுசுக்கும் பீரோவில் மடிப்பு மாறிக் கிடப்பவைதாம். அம்மா பெட்டியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மூடியைத் திறந்தபடியே சாமி அலமாரியில் காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "அவரு நல்லபடியா வெளிய வரட்டும். வந்ததும் கட்டிக்க. அதுவரைக்கும் அது சாமிகிட்ட இருக்கட்டும்" என்றாள். நான் எகிறினேன். வாங்கின பொருளை வைத்து வேடிக்கை பார்க்கவா என்று கத்தினேன். ஈசிசேரில் படுத்திருந்த நைனா, "வுட்றா கண்ணு, நாலு நாள்தான" என்றார். அவர் குரல் அப்போது மெலிந்துபோயிருந்தது. அந்தக் குரலோடு யார் சண்டை போடுவது?

வியாழக்கிழமை காலை கார் வருவதாக ஏற்பாடு. நான் துணி, ரிப்போர்ட், பிளாஸ்க் என்று வீட்டுக்குள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா விளக்கேற்றப் போனவள் சத்தமே இல்லாமல் இருந்தாள். எட்டிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். தீக்குச்சி பாதி எரிந்து கையில் அணைந்திருந்தது.

"நின்னுபோச்சுடி" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் நின்றால் பேட்டரி போடும்வரை விளக்கேற்ற மாட்டாள் அம்மா. நின்ற கடிகாரம் வீட்டில் இருக்கக் கூடாது, அதுவும் சாமிக்குப் பக்கத்தில், அதுவும் இன்றைக்கு. அவள் சொல்லாமலேயே முழுக்கக் கேட்டது எனக்கு.

"நான் அவரை அனுப்ப மாட்டேன். நிறுத்திட்டுத் திரும்ப ஓட வெப்பேன்னு சொன்னாரே அந்த டாக்டரு. இத பாரு. இது ஓடுச்சா?"

"ம்மா, அது சும்மா வெச்சதால நிக்குது. எடுத்து ஆட்டினா ஓடும். கடைக்காரரே சொன்னாரு."

"நீ எதையாவது சொல்லுவ."

நைனா வாசற்படியில் வந்து நின்றார். வேட்டி மடிப்புக் கலையாமல், கிளம்பத் தயாராக. இந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அப்போது பார்த்தேன். "வேற நாள் கேட்டுப் பாக்கலாமா கண்ணு?" என்றார் என்னிடம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்மேல் இல்லை, அம்மாமேல்கூட இல்லை. ஒரு நாளும் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்கிற கோபம். பெட்டியிலிருந்து கடிகாரத்தைப் பறித்தேன். ஆட்டினேன். நொடிமுள் ஒரு தரம் துள்ளியது, பிறகு வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"பாரு. ஓடுதா இல்லையா?"

அம்மா பார்த்தாள். "நீ ஆட்டின, ஓடுது. அவரை யாருடி ஆட்டுவாங்க?"

நான் கடிகாரத்தை இன்னொரு தடவை ஆட்டினேன்.

நைனா வந்து என் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கினார். காதில் வைத்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். வெளியே கார் வந்து ஹார்ன் அடித்தது, அவர் அசையவில்லை. பிறகு அம்மாவுக்கு எதிரே மெல்லக் குனிந்து உட்கார்ந்தார். அவள் இடது கையைப் பிடித்துக் கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, கடிகாரத்தைக் கட்டினார். கொக்கி போடத் தெரியவில்லை. நான் போட்டுவிட்டேன்.

"நான் உள்ள இருக்கிற வரைக்கும் இது நிக்காம நீ பாத்துக்க. மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க" என்றார் அவளிடம்.

அம்மா எழுந்து விளக்கை ஏற்றினாள்.

சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் கார் நகராமல் நின்றபோதும் அவள் கை மட்டும் மடியில் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை நைனாவைத் தள்ளுவண்டியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்க் கதவை மூடியதும் அம்மா நடக்க ஆரம்பித்தாள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, இடது கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு. வளையல் குலுங்க, வெறுங்காலோடு. கால் மூட்டு வலி என்று மாடிப்படி ஏறாதவள் அவள். காவல்காரர் வந்து, "உக்காருங்கம்மா, நேரமாகும்" என்றார்.

"நான் உக்காந்தா நின்னுடும்பா" என்றாள் அம்மா, நடையை நிறுத்தாமல்.

அவருக்கு என்ன புரிந்ததோ, தன் நாற்காலியை இழுத்து அவள் போகிற வழியை ஒதுக்கிக் கொடுத்தார்.

நான் உட்கார்ந்திருந்தேன். அப்படி நான் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை. போனைத் திறக்கவில்லை, ஜன்னலுக்குப் போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அம்மா கடந்து போகும்போதெல்லாம் அவள் கையைப் பார்த்துக்கொண்டேன். மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். அம்மா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இன்னொரு தடவை அந்தக் கோடிவரை நடந்து வந்தாள்.

அடுத்த நாள் ஐசியூவில் ஒருவரைத்தான் விட்டார்கள். அம்மா போனாள். நான் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். நைனாவால் பேச முடியவில்லை, உதடு காய்ந்திருந்தது. ஊசி குத்தின கையைத் தூக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்துத் தன் காதோடு வைத்துக்கொண்டார். அம்மாவின் கை அப்போதுதான் ஆடாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கேட்டேன். முதல் செக்கப் முடியட்டும் என்றாள். முடிந்தது. அடுத்த செக்கப் என்றாள். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அந்த வழுவழுப்பான விளிம்பில் இப்போது மஞ்சள் ஏறியிருக்கிறது, கண்ணாடி வளையல் பட்டுக் கீறல் விழுந்திருக்கிறது, தோல் பட்டையில் முருங்கைக்கீரை வாசனை. இன்றைக்கு இழையை ஓட்டிப் பார்த்தால் நாலு இடத்திலாவது சிக்கும். என் மணிக்கட்டு பழையபடி மொட்டை. நேரம் கேட்டால் நெசவாளர்கள், "இன்னாக்கா, வாட்ச் வாங்கினியே?" என்கிறார்கள்.

நைனா காலையில் எழுந்ததும் அடுக்களைக்குப் போய், அம்மாவின் கையைப் பிடித்துக் காதில் வைத்துக் கேட்கிறார். அவள் வேலை கெடுகிறது என்று கையை உதறிக்கொள்கிறாள், ஆனால் உடனே இல்லை. தினமும் கட்டுவதற்கென்றுதான் நான் அதை வாங்கினேன். தினமும்தான் கட்டுகிறாள்.