மீன் போன ஊரெல்லாம் நாங்களும் போனோம்

மொழிபெயர்ப்பாளர் வேலையை வாயால் செய்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் பாதி, பஸ் ஸ்டாப்பில் நிற்பது. கம்பியைப் பிடித்துத் தொங்கியே இளமையைக் கழித்த உங்களில் பலருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் பி.ஏ. முடித்துவிட்டு செம்பாக்கத்து வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா வயலை மனை போட்டு விற்றுவிட்டு, ஏரியைப் பார்த்த மாதிரி மாடி கட்டியிருந்தார். அந்த மாடிக்குக் குடிவந்தவள் மார்த்தா. டென்மார்க்கிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்தவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கோவளத்து மீன்காரப் பெண்கள் எப்படி வியாபாரம் செய்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவர்களோ காலையில் கடற்கரையில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, கேளம்பாக்கம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று தெருத்தெருவாகப் போகிறவர்கள். மீன் போன இடத்துக்கெல்லாம் மார்த்தா போனாள். மார்த்தா போன இடத்துக்கெல்லாம், அவளுக்குத் தமிழை எடுத்துச் சொல்ல நான் போனேன்.

கூடைக்கு இடமில்லை

நாங்கள் பெரும்பாலும் கூடப் போனது நாகம்மாள் அக்காவோடு. கோவளத்துக்காரி. குரல் கணீரென்று இருக்கும். ஒரு நாள் கோவளம் ஸ்டாப்பில் கண்டக்டர் அவள் கூடையைக் காலால் மறித்து, "மீனு நாறும், ஏத்த முடியாது" என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே உள்ளே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மார்த்தா இறங்கி வந்து கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கிடைத்த சீட்டை விட்டுவிட்டு நானும் இறங்கினேன். அந்த வேதனை உங்களுக்குப் புரியும்.

அடுத்த பஸ் வரவேயில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. கூடையிலிருந்த ஐஸ் கரைந்து ரோட்டில் ஓடியது. நாகம்மாள் அக்கா யாரையென்று இல்லாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் போன பஸ்ஸே ஒரு நடை முடித்துத் திரும்பி வந்தது. அதே கண்டக்டர். மூன்று பேரும் அதே இடத்தில் அப்படியே நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தானே இறங்கிக் கூடைக்குக் கை கொடுத்தார். "ஏறுங்கம்மா, எல்லாரும் ஏறுங்க. இந்த வெள்ளக்காரம்மா வெயில்ல வுயுந்துச்சுன்னா நாளிக்கு பேப்பர்ல என் போட்டோ வரும்!"

ஒரு சௌகரியம்

மீன் கூடைக்குப் பக்கத்தில் நின்று நின்று எங்கள் மேலும் அந்த வாசனை ஏறிவிட்டது. தாம்பரத்தில் நாங்கள் பஸ் ஏறினால் முன்னால் இருப்பவர்கள் மெதுவாகப் பின்னால் நகர்வார்கள். உட்கார இடம் கிடைக்கும். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. கால் வலி வந்த பிறகு அவமானம் போய்விட்டது. வீட்டில்தான் பிரச்சினை. என் துணியைத் தனி வாளியில் ஊறப்போட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "ஆராய்ச்சி பண்றது அவ. சோப்பு கரையிறது என்னுதா?"

கேள்விக்கு நடுவில்

அலைச்சல் ஒரு மாதிரியான போதை. எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகும். ஒரு மத்தியானம் நாகம்மாள் அக்கா வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணமாகி வந்த புதிதில் யாரோடு வியாபாரத்துக்குப் போனாய் என்று மார்த்தா கேட்டாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா தன் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தாள். அதை ஆங்கிலத்தில் சொல்லத் திரும்பினால், மார்த்தா சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடலாமே என்று நானும் சாய்ந்தேன்.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பேர் தலைக்கும் கீழே மடித்த புடவை இருந்தது. அக்காவைக் காணோம். கூடையையும் காணோம். அடுப்படியிலிருந்து அவள் மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்த யாவாரத்துக்குப் போய்ட்ச்சு. நீங்க எய்ந்தா சோறு போடச் சொல்லிச்சு. கேள்விக்கு பதிலு அப்பால சொல்லுதாம்."

பெருங்களத்தூரில் பொங்கல் கூட்டம்

பொங்கலுக்கு முந்தின சாயங்காலம். பெருங்களத்தூரில் விற்று முடித்துவிட்டு, நாகம்மாள் அக்கா கேளம்பாக்கம் பக்கம் போய்விட்டாள். நாங்கள் தாம்பரத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் கால் வைக்க இடமில்லை. தெற்கே போகிற எல்லா பஸ்ஸுக்கும் அங்கேதான் கூட்டம். ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே விட்டு இடம் பிடிக்கிறார்கள். புதுத் துணிப் பை, பொம்மை, பிஸ்கட் டின் என்று ஒவ்வொருத்தர் கையிலும் ஏதோ ஒன்று. ஊருக்குப் போகிற அந்த முகக்களை இருக்கிறதே, அது தனி.

மார்த்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. "எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள் வசந்தா. நான் மட்டும் தினமும் எங்கேயாவது போய்க்கொண்டே இருக்கிறேன்" என்றாள் ஆங்கிலத்தில். இருபத்திரண்டு வயதுவரை நான் ஒரு ராத்திரிகூட வீட்டை விட்டு வெளியே தங்கினதில்லை. பக்கத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், மனைவி தோளில் குழந்தை, குனிந்து விசாரித்தார். "எந்த ஊரு போகணும்மா?" மார்த்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில், "என் ஊருக்கு" என்றாள். அவர் தூக்குவாளியைத் திறந்து அவள் கையில் இரண்டு முறுக்கை வைத்தார். "உங்க ஊரு பஸ் இங்க நிக்காதேம்மா. அழாதீங்க. மொதல்ல இத சாப்பிடுங்க."

ஏரிக்கரை வீட்டுக்கு வந்தவர்கள்

பொங்கல் முடிந்ததும் மார்த்தாவுக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள். பஸ் என்ற பேச்சே கூடாது என்றார் டாக்டர். அவள் இங்கே தங்கக் கிடைத்த அனுமதியோ இன்னும் சில மாதத்தில் முடியப் போகிறது. ஆராய்ச்சி பாதியில் நின்றது. மாடியில் படுத்தபடி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றாள். பெட்டியைக்கூட எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் மட்டும் கோவளத்துக்குப் போய், அவளால் இனி வர முடியாது என்று நாகம்மாள் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த வாரமே எங்கள் தெருவில் ஒரு கணீர்க் குரல். எட்டிப் பார்த்தால் நாகம்மாள் அக்கா, கூட இன்னும் மூன்று பேர். கழுவின கூடை, தலை நிறையப் பூ. அம்மா வாசலில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "மேலதாம்மா இருக்கு அந்தப் பொண்ணு, போய்ப் பாருங்க" என்று வழிவிட்டாள். நாலு பேரும் மார்த்தாவின் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். அம்மா எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள். அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து மாமியார் கதையை அக்கா ஆரம்பித்தாள். அதற்கப்புறம் வாராவாரம், விற்று முடித்துவிட்டு யாராவது செம்பாக்கத்தில் இறங்கி மாடி ஏறினார்கள். பெட்டி மறுபடி பரணுக்குப் போனது. எதற்கு இவ்வளவு சிரமம் என்று மார்த்தா முதல் நாளே கேட்டிருந்தாள். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "இத்தினி நாளு நீ எங்க பின்னால சுத்திகினு இருந்தே. இப்போ நாங்க சுத்துறோம். நீ படுத்துகினே கேளு."

மீனம்பாக்கம்

மார்த்தா கிளம்பும் நாளில் நாகம்மாள் அக்காவும் விமான நிலையத்துக்கு வந்தாள். விமானம் பார்க்க வேண்டும் என்று சொன்னாள், அது சும்மா. மார்த்தா அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது, அதனால் மொழிபெயர்ப்பு ஒன்றும் சரியாக வரவில்லை. அது யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

அவள் உள்ளே போன பிறகு, ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று அக்கா கேட்டாள். நடுவில் விமானம் மாறி முழுசாக ஒரு நாள் ஆகும், பாவம் என்றேன். எல்லாருக்கும் சீட் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். "ஒரு நாளு முச்சூடும் குந்திகினே போலாமா? இதுல இன்னாடி பாவம்!"

இப்போது என் மகன் காரில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் என்னைக் கோவளத்துக்குக் கூட்டிப்போய்விடுகிறான். அலைச்சல் துளியும் இல்லை, அதனால் திரும்பி வந்து சொல்லவும் ஒன்றும் இருப்பதில்லை.