ஜஹீரா வாய் திறக்காத காலை

அனகாபுத்தூர் ஜஹீராவின் தொண்டை லேசுப்பட்டதல்ல. பல்லாவரம் சந்தையில் பத்து வருஷம் நைட்டி கூவி விற்ற தொண்டை. அப்பேர்ப்பட்டவள் நாற்பது வயதில் நீச்சல் பழகி, துடுப்புப் போடப் பழகி, கயாக் படகு வழிகாட்டி ஆனாளே, அதுவும் பேசவே கூடாத இடத்தில்!

முட்டுக்காட்டு உப்பங்கழியின் நடுவே ஒரு மணல்திட்டு. நெடுங்கால் உள்ளான் பறவைகள் அங்கே வெறுந்தரையில் முட்டையிடும். சுற்றிலும் மூங்கில் கழிகள் நட்டிருப்பார்கள். அவை கண்ணில் பட்டதுமே பேச்சை நிறுத்திவிட வேண்டும். அப்புறம் எல்லாம் துடுப்புச் சைகைதான். போன மாதம் மீன்கொத்தி ஒன்றைப் பார்த்த குஷியில் ஜஹீரா, "ஐய, இன்னா அழகா கீது பாரேன்!" என்று கத்த, உள்ளான்கள் அத்தனையும் முட்டையை விட்டுவிட்டுப் பறந்தன. அன்றிலிருந்து கரையில் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலைதான்.

"கடைசி சான்ஸ்க்கா," என்றாள் கயாக்குகளின் சொந்தக்காரி கிறிஸ்டி. "இன்னிக்கும் பறவை பறந்துச்சுன்னா கரையோட சரி."

தண்ணீரில் இருக்கும்போதுதான் ஜஹீராவுக்கு உயிரே வந்த மாதிரி இருக்கும். அதை விட முடியுமா? எதற்கு வம்பு என்று கரையிலேயே வாயை இறுக மூடிக்கொண்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். சைகைகளைப் பற்றிக் கிளம்புமுன் சொல்ல வேண்டியதையும் சேர்த்து விழுங்கிவிட்டாள்.

வந்தவர்கள் மாடம்பாக்கத்து ஸ்ரீரங்கனும் மனைவி சாவித்ரியும். இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒரே கயாக்கில் முன் இருக்கையில் சாவித்ரி, பின்னால் அவர்; பக்கத்தில் தனிக் கயாக்கில் ஜஹீரா. திட்டு நெருங்கியதும் ஜஹீரா துடுப்பைத் தலைக்குமேல் குறுக்காகத் தூக்கினாள். 'நில்லுங்கள்' என்று அர்த்தம். ஸ்ரீரங்கனோ அதை உடற்பயிற்சி என்று நினைத்து, தன் துடுப்பையும் தூக்கித் தூக்கி இறக்க ஆரம்பித்தார். முன்னால் சாவித்ரி பறவைகளையே பார்த்தபடி தன் பாட்டுக்குத் துடுப்பு வலித்துக்கொண்டே இருந்தார். கயாக் கழிகளுக்குள் நுழைந்து நேரே முட்டைகளைப் பார்க்கப் போனது.

'யோவ் பெரியவரே!' என்று தொண்டை வரை வந்துவிட்டது. ஜஹீரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்து நாலே துடுப்பு வீச்சில் பாய்ந்து, அவர்களுக்கும் திட்டுக்கும் நடுவில் தன் கயாக்கைக் குறுக்கே விட்டாள். 'டொக்' என்று இடித்து நின்றது. தாய் உள்ளான் ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்தது, எழவில்லை. அதன் வயிற்றுக்கடியிலிருந்து பஞ்சுருண்டையாக ஒரு குஞ்சு எட்டிப் பார்க்க, ஜஹீரா விரலால் காட்டினாள். சாவித்ரி கணவரின் பக்கம் திரும்பினார். சந்தோஷத்தில் கண்ணெல்லாம் தண்ணீர். ஜஹீரா சத்தமில்லாமல் அவர்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பறவைகூடப் பறக்கவில்லை.

கரையில் சாவித்ரி எழுதிவிட்டுப் போன குறிப்பைக் கிறிஸ்டி உரக்கப் படித்தாள்: "பாவம், வழிகாட்டிப் பெண்ணுக்குப் பேச்சு வராது. ஆனால் தங்கமானவள். அடுத்த முறையும் அவளையே அனுப்பவும்."

கிறிஸ்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாளைக்கும் நீதான்க்கா போற!"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து ஜஹீரா கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"யம்மோவ்! எனக்கு நல்லாவே பேச வரும்மா!"

திட்டு வெகுதூரத்தில் இருந்ததால் பறவைகள் பிழைத்தன. ஸ்ரீரங்கன் கையிலிருந்து கார் சாவி கீழே விழுந்தது.