பிராக்சிமாவும் ஒரு டார்ச் லைட்டும்

ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, உள்ளே திரையில் வானத்தைக் காட்டுவது சுகமான தொழில் என்று யாராவது சொன்னால், காற்றடித்து நிற்கவைக்கும் எங்கள் கூடாரத்துக்குள் ஒருநாள் தவழ்ந்து வரச் சொல்லுங்கள்.

கூட்டத்தின் முன் நின்று கொட்டாவி வாங்கியவர்களுக்கு என் வலி புரியும். சனியின் வளையத்துக்குக் கைதட்டுகிறவர்கள், எனக்கு உயிரான கடைசி எட்டு நிமிடத்தில் அசந்து தூங்கிவிடுவார்கள். அது பிராக்சிமாவின் நேரம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம், ஒரு சிவப்புக் குள்ளன். எங்கள் மேலாளர் கெடு வைத்துவிட்டார்: "இந்த வாரத்துல யாராச்சும் ஒருத்தர் புரிஞ்சிக்கினு ஒரு வார்த்த பேசணும் மேடம். இல்லனா அத தூக்கிடலாங்க."

சங்கராபுரம்: முதல் அடி

"ஒளி அங்கிருந்து வர நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் ரொம்ப மங்கல், வெறும் கண்ணுக்குத் தெரியாது" என்றேன். மகளோடு வந்திருந்த ஒரு கூலித் தொழிலாளி கையைத் தூக்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் கேட்டார்: "கண்ணுக்கே தெரியாதத காட்டறதுக்கு இன்னாத்துக்குங்க இம்மாம் பெரிய கூடாரம்?"

ரிஷிவந்தியம்: பாதிக்குப் பாதி

அடுத்து பிராக்சிமாவைச் சுற்றும் கோளைக் காட்டினேன். பதினோரு நாளில் ஒரு சுற்று, அவ்வளவு நெருக்கம். அதனால் அநேகமாக ஒரே முகத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டும். திரையில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. "நம்மூரு அர்த்தநாரீஸ்வரரே!" என்று இருட்டில் ஒரு குரல். உடனே மொத்தக் கூட்டமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். மேலாளர் அசையவில்லை: "கும்புட்டாங்க, சரி. புரிஞ்சிதானு கேளுங்க."

கல்வராயன்மலை: கரண்ட் போச்சு

கடைசி ஊர். பிராக்சிமா வரும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. காற்றடிக்கும் விசிறி நின்று, கூடாரம் எங்கள் தலைமேல் அப்படியே படுத்துவிட்டது. எல்லோரும் தவழ்ந்து வெளியே வந்தோம். எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் விடவில்லை. பள்ளி வராந்தாவில் டார்ச் லைட்டுக்குச் சிவப்புத் தாள் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். சின்னப்பொண்ணு என்ற சாமை விவசாயியைக் கூப்பிட்டு, முகத்தை வெளிச்சத்திலிருந்து திருப்பாமல் என்னைச் சுற்றி வரச் சொல்லி, டார்ச்சோடு நானும் கூடவே திரும்பினேன்.

இரண்டு சுற்று வந்தார். "நெருப்பு காயற மாதிரி இருக்குதுங்க. மூஞ்சி காயுது, முதுவு குளுருது" என்றார். அங்கே காற்று உண்டா, தண்ணீர் உண்டா என்று இன்னும் யாருக்கும் தெரியாது, அந்த நட்சத்திரம் வேறு அடிக்கடி சீறும் என்றேன். அதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார்: "மூஞ்சில வெதச்சா கருகிடும், முதுவுல வெதச்சா மொளைக்காது. அந்த ஊர்ல சாமைய இங்க, காதாண்டதாங்க வெதைக்கணும்."

முதலில் கைதட்டியவர் மேலாளர்தான்; வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவிலுள்ள விளிம்பைப் பற்றி விஞ்ஞானிகள் பக்கம் பக்கமாக எழுதியதைச் சின்னப்பொண்ணு காதைத் தொட்டே முடித்துவிட்டதால், என் எட்டு நிமிடம் பிழைத்தது, இனி எனக்கு மிச்சமிருக்கும் வேலை கூடாரத்துக்குக் காற்றடிப்பது மட்டும்தான்.