வெல்லத்தில் பெருக்கிய மாத்திரை

உடம்புக்கு ஒரு குறையும் இல்லாத காலத்தில்தான் நான் வயிற்றுக்கு மாத்திரை வாங்கினேன். இந்தப் பேச்சை எடுத்தால் என் மனைவி இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சுருளிப்பட்டியில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து நின்றாலும் கழுத்து வலிக்காது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு.

காரணம் என் தங்கை மகள். தேவாரம் ஊரில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்குப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவளுக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தங்கைக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆத்திர அவசரத்துக்குச் சித்தப்பா மகன் யாராவது உட்காரலாம். அதை நினைத்தாலே எனக்குப் பொறுக்காது. அத்தனை வருடமும் தங்கையோடு சேர்ந்து நானும் அல்லவா காத்திருந்தேன்!

விசேஷத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. எனக்கும் வந்து படுத்துவிட்டால்? பயத்தில் கம்பம் டவுனுக்குப் போய் மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் புரோபயாட்டிக் மாத்திரை என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"உள்ள இருக்கது நல்ல கிருமிண்ணே. உயிரோட இருக்கும். ஒண்ணும் இல்லாதவுகளே இப்ப வாங்கிச் சாப்பிடுறாக."

உயிரோடு இருக்கிறது என்றதும் எனக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டான். வேரழுகலுக்குத் தோட்டத்தில் விடுகிற நுண்ணுயிர்ப் பொடியை நாங்கள் அப்படியே போடமாட்டோம். டிரம்மில் வெல்லம் கரைத்து, அதில் பொடியைக் கலந்து, இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் கிருமி பெருகிவிடும். அதைத் தண்ணீரோடு பாய்ச்சினால் கொஞ்சப் பொடி தோட்டம் முழுக்க வேலை செய்யும். பெருக்காமல் பொடியைத் தூவுகிறவர்களை விவரம் கெட்டவர்கள் என்று நானே ஏசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் மாத்திரையை மட்டும் அப்படியே விழுங்குவேனா?

ஐந்து மாத்திரையைப் பிரித்துத் தூளை மட்டும் எடுத்தேன். மோட்டார் ரூமில் ஒரு தூக்குவாளி வெல்லத் தண்ணீரில் கலந்து, துணியால் வேடு கட்டி வைத்தேன். மூன்றாம் நாள் பொங்கப் பொங்க நுரை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தினம் காலையில் ஒரு டம்ளர் குடித்தேன்.

மூன்றாவது டம்ளரில் வயிறு மத்தளமாகிவிட்டது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. உள்ளே ஓயாமல் கடமுடா சத்தம். மோட்டார் போட வந்த மனைவி தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, கள்ளுப்பானை மாதிரி நாறுது?"

"மருந்து."

"செடிக்கா, உங்களுக்கா?"

நான் வயிற்றைத் தடவிக் காட்டினேன். அவள் அப்படியே பஸ் ஏற்றிக் கம்பத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்டிப்பாகவே பேசினார்.

"மாத்திரைல இருக்க கிருமி என்னன்னு தெரியும். உங்க வாளில என்னென்ன வளந்துச்சோ, யாரு கண்டா? இதோட நிப்பாட்டுங்க. ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும். காய்ச்சல், பேதின்னா உடனே வாங்க."

"ஒழுங்கா முழுங்கியிருந்தா நல்லது செஞ்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"சிலருக்கு அதுலயும் மொதல்ல வயிறு உப்பும். உங்களை மாதிரி நல்லா இருக்கவுகளுக்குப் பெரிய பலன் இருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுய்யா. மோர் குடிக்கிறீக, பயறு, கீரை, பழம் எல்லாம் சாப்பிடுறீக. பெறகு எதுக்கு?"

காதுகுத்துக்கு நடுவில் ஒரே நாள்தான் இருந்தது. அத்தனை சொந்தபந்தத்துக்கும் நடுவில் இந்த வயிற்றோடு எப்படி உட்காருவது? வெட்கத்தை விட்டுத் தங்கைக்குப் போன் போட்டு, வேறு யாரையாவது உட்கார வைக்கச் சொன்னேன்.

"பேசாம வா அண்ணே," என்றாள். "வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தாலும் நீதான் உக்காரணும். எம்பிள்ளைக்கு வேற மடி எங்கன இருக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

சீர்த்தட்டுகளோடு குலதெய்வக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி கையில் கம்பியைப் பார்த்ததும் அவள் உதடு பிதுங்கியது. சரியாக அந்த நேரத்தில் என் வயிறு நீளமாக உறுமியது. முன்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. பிள்ளை அழுகையை மறந்து, என் வயிற்றில் ஒரு காதை வைத்துப் படுத்தாள்.

"மாமா, உள்ள யாரு இருக்கா?"

மேலே தெரிந்த காதை ஆசாரி அந்த நொடியில் குத்திவிட்டார். அவள் ஸ் என்று ஒரு சத்தம் போட்டதோடு சரி.

அடுத்த காதுக்கு வயிறு உறுமாமல் கைவிட்டுவிட்டது. ஊரே கேட்க வீறிட்டாள். தங்கை ஓடிவந்து கையை நீட்டினாள். பிள்ளை அம்மாவிடம் போகவில்லை. என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் மடியிலேயே அழுது தீர்த்தாள்.