சுகவனத்தில் குனிந்தவர்கள்

கொட்டாம்பட்டிப் பக்கம் நாற்று நட்டுப் பிழைத்த முனியாயியின் மகள் முத்துமீனா. ஓவியம் படித்துவிட்டு, கோச்சடையில் வெளிநாட்டு வீடியோ கேம்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு, சுகவனம். மாயாஜாலக் கேம் ஒன்றில், போரில் ஜெயித்த வீரர்கள் போய்ச் சேரும் வேற்றுலகம் அது. அங்கே பசி கிடையாது, மூப்பு கிடையாது, கேட்டதெல்லாம் கிடைக்கும்.

சுகம் என்றதும் அவளுக்கு முதலில் தோன்றியது, யாரும் குனிய வேண்டாத இடம். இரு கரை தொட்டு ஓடும் ஆற்றை வரைந்தாள். கரையில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் காலைத் தொங்கவிட்டு, ஒரு வேலையும் இல்லாமல் சிரித்துப் பேசும் பெண்களை வரைந்தாள். நடுவில் இருந்தவளுக்குத் தன் அம்மாவின் முகத்தையே கொடுத்தாள்.

விளையாடிப் பார்க்க முதல் வடிவம் வந்தபோது அலுவலகமே அவள் திரையைச் சுற்றி நின்றது. ஆறு அப்படியே இருந்தது. பெண்கள்தான் கரையில் இல்லை. பழத்தட்டு ஏந்தி, வீரர்களுக்கு முன்னால் முதுகை வளைத்து நின்றார்கள். பொத்தானை அழுத்தினால் வீரன் எட்டி உதைத்தான். உதைபட்டவள் சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி குனிந்தாள். அவளுக்கு முனியாயியின் முகம். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இது யாரு செஞ்ச வேலைண்ணே?"

குழுத் தலைவர் சிவபாண்டி தோளைக் குலுக்கினார். "வெளிநாட்டுக்காரங்க கேட்டாங்க, மாத்திக் குடுத்தோம். சுகவனம்னா வேலைக்காரவுக வேணும்ல?"

"அது எங்கம்மா மொகம்ணே."

"கேமுதானே மீனா. இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?"

"உங்கம்மா மொகத்த வச்சு ஒதைச்சுக் காட்டுங்க. அப்புறம் கேமுதானேன்னு சொல்லுங்க."

அன்று மாலை வெளிநாட்டுக்காரர்களோடு வீடியோ கால். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவளை உட்கார வைத்தார்கள். அவள் திறந்தாள். அம்மா முகத்தை உதைக்க வைத்தது ஏன் என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். முகத்தை மாற்றிவிடுகிறோம் என்றார்கள்; அவளும் சரி என்றாள். மறுநாள் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். முனியாயியின் கண் சிவந்தது.

"நாத்துக்குத்தான்டி நான் குனிஞ்சேன். எந்தப் பய காலுக்கும் குனிஞ்சதில்ல." பிறகு கேட்டாள்: "என் மொகத்த எடுத்துட்டாங்க, சரி. இப்ப அங்க எவ குனிஞ்சு நிக்கிறா?"

முகத்தை மாற்றினால் போதும் என்று அடங்கிப்போன தன் மீதே முத்துமீனாவுக்கு ஆத்திரம் வந்தது.

கேம் வெளியானதும், நடந்ததைத் தன் பெயர் போட்டு இணையத்தில் எழுதினாள். ஆற்றங்கரைப் பெண்களின் பழைய படத்தையும் போட்டாள். ஏசியவர்கள் ஏராளம். ஆனால் விளையாடுகிறவர்களிலேயே பலர் அவள் பக்கம் சேர்ந்து கத்தினார்கள். சத்தம் அடங்காததால் கேம்காரர்கள் உதையை எடுத்துவிட்டார்கள். தட்டேந்திய பெண்களை எடுக்கவில்லை.

பழைய அலுவலகத் தோழி இந்துப்ரியா போன் செய்தாள். "ஜெயிச்சுட்ட மீனா!"

"என்னத்த ஜெயிச்சேன்? அவளுக நிமுந்துட்டாளுகளா?"

இந்துப்ரியா என்னவோ சொல்ல வந்தாள். முத்துமீனா போனை வைத்துவிட்டாள்.