பின்னால் நின்ற மஞ்சள்

போன வாரம் சிங்கப்பூர் கேம்பல் லேன் பூக்கடையைக் கடந்தபோது மல்லிகை வாசம் வந்தது. மற்றவர்களுக்கு அதில் கோயிலோ கல்யாணமோ நினைவுக்கு வரும். எனக்குப் பிடரி சில்லிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது நான் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் இருந்தேன். வெளியில் புகைப்படக்காரன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில், வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளித் தட்டியைப் பிடித்துக்கொண்டு வியர்ப்பதுதான் என் வேலை. ஸ்டூடியோவும் பெரிய கேமராவும் வனிதாவுடையவை. புக்கிட் மேராக்காரி, என் வயதுதான். இடையிடையே நான் என் சட்டைப்பை கேமராவில் வேடிக்கைப் படம் எடுப்பேன். அதில் படம் விழும் சில்லான சென்சார், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

"பொம்மையை வச்சிட்டுத் தட்டியைப் பிடி லா" என்பாள் வனிதா.

அவள் படங்களில் முகம் மட்டும் துல்லியமாக நிற்கும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். என் பொம்மையில் மூக்குத்தியும் தெரியும், பின்னாலிருக்கும் குப்பைத்தொட்டியும் தெரியும். சென்சார் பெரிதானால் அதே காட்சியை அடைக்க நீளமான லென்ஸ் வேண்டும். லென்ஸ் நீண்டால், லென்ஸ் திறப்பின் அப்பர்ச்சர் எண் மாறாவிட்டாலும் தெளிவாக விழும் ஆழம் குறுகிவிடும். குட்டி சென்சாருக்குக் குட்டி லென்ஸ். அதற்குப் பக்கமும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கவிதா தெம்பனிஸ் பெண். கல்யாணத்துக்கு முன் படம் எடுக்க வந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பல் பட்டறையில் விடுப்பு கிடைக்காததால் அவள் மட்டும். காலையில் அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே எடுத்தோம், மதியம் இந்தப் பூக்கடை முன்னால், சாயங்காலம் ஜூரோங் ஏரிக்கரையில். எங்கும் டாக்சியில் போனோம். அவள் தலையில் வைத்த மல்லிகை வாடுவதற்குள் முடித்துவிட்டதில் எனக்குத்தான் பெருமை.

படம் தேர்ந்தெடுக்க வந்த அன்று, ஏரிக்கரைப் படத்தில் அவள் விரல் நின்றது.

"அக்கா, பின்னாடி மஞ்சளா இருக்கே, என்னது?"

"யாரோ நடந்து போறாங்க. அழிச்சிடலாம்."

"இல்லக்கா. பூக்கடையிலயும் இருந்துச்சு."

வனிதா திரையில் படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். பூக்கடைப் படத்தில், கவிதாவின் இடது தோளுக்குப் பின்னால், அதே மஞ்சள். புளோக்கின் கீழேயும். முகமில்லை, விளிம்பில்லை, வெறும் கறை.

"உன் கேமராவைக் கொண்டா" என்றாள் வனிதா. அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை.

என் படங்களில் அவன் தெளிவாக நின்றான். மஞ்சள் சட்டை, கக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கேமராவைப் பார்க்கவில்லை, கவிதாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் தூண் மறைவில் நின்றவன், ஏரிக்கரையில் பத்தடி தூரத்துக்கு வந்திருந்தான்.

கவிதா நாற்காலியைத் திரையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என் ஆபீஸ்ல இருந்தாரு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு, நான் வேணாம்னுட்டேன். அப்புறம் வேலையை விட்டுட்டாரு. வெளிநாட்டுக்குப் போயிட்டாருன்னு சொன்னாங்க."

மூவரும் போலீசுக்குப் போனோம். என் படங்களைத்தான் வாங்கிக்கொண்டார்கள். ஆளைப் பிடித்து விசாரித்ததில், பல மாதங்களாகக் காலையில் அவள் புளோக்கின் கீழே காத்திருந்ததாகச் சொன்னானாம், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருந்ததைப் போல. நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வந்தது. அண்ணன்கள் மண்டப வாசலில் நிற்க, கல்யாணம் நடந்தது. அன்று வனிதா ஒவ்வொரு முறையும் பெண்ணின் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தினாள்.

ஆல்பத்துக்கு அன்று வெளியில் எடுத்த படம் எதுவும் வேண்டாம் என்றாள் கவிதா.

"இதுல உன் முகம் மட்டும்தானே தெரியுது" என்றாள் வனிதா.

"தெரியலைன்னாலும் அவர் இருக்காருக்கா."

சில மாதங்களில் கவிதாவின் போன் எண் செத்துப்போனது. தெம்பனிஸ் வீடு கைமாறியது. எங்கே போனார்கள் என்று அண்ணன்களும் சொல்லவில்லை. ஸ்டூடியோவும் மூடியாயிற்று, இப்போது அங்கே ஜவ்வரிசி உருண்டை போட்ட பபிள் டீ விற்கிறார்கள்.

மூடுவதற்குச் சற்று முன்பு ஒரு பகலில் ஸ்டூடியோ போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள் வனிதா. மரியாதையான ஆண் குரல்.

"உங்க பழைய கஸ்டமர் கவிதா இருக்காங்கல்ல, அவங்க புது நம்பர் கிடைக்குமா?"

இல்லை என்று வைத்துவிட்டாள். உண்மையிலேயே எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் அன்றே அழித்திருப்போம்.